செவ்வாய்க்கிழமை ஆஃப்

ஐம்பத்தொன்பது வயதில் எனக்குப் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது. சிங்கப்பூரில், பாசிர் ரிஸில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு பாலர் பள்ளி. அதன் சமையலறையில் உதவியாளர். முதல் நாளே மேற்பார்வை பார்க்கும் பெண் இரண்டு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எப்போது முடியும், நடுவில் எவ்வளவு நேரம் ஓய்வு, வாரத்தில் எந்த நாள் ஆஃப், கூடுதல் நேரம் வேலை செய்தால் எப்படி, எல்லாம் அதில் இருந்தது. மெதுவாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். நான் படிக்கவே இல்லை. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் அதே மாதிரித் தாளைப் பிறருக்குக் கொடுக்கவேண்டியவளாக இருந்தவள் நான். ஒழுங்காகக் கொடுத்தாயா என்று கேட்காதீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நம் ஊர்க் கடைகள் நிறைந்த தேக்காவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் எங்கள் சாப்பாட்டுக் கடை இருந்தது. எட்டு மேசை. காலையில் இட்லி, தோசை, பொங்கல். மதியம் இலைச் சாப்பாடு. மாலையில் வடை, பஜ்ஜி, டீ. கல்லாவில் என் கணவர் உட்காருவார். அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனுஷன். அவருக்கும் சேர்த்து நான் பேசுவேன். கடையில் என் குரல் கேட்காத நேரம் என்று ஒன்று கிடையாது. பக்கத்துப் பூக்கடைக்காரர் கேலி செய்வார்: "அக்கா தொண்டையைத் திறந்துட்டாங்க, மணி ஏழு ஆச்சு." மூக்குக்கு மேல் கோபம் வரும் எனக்கு. வந்த வேகத்தில் போயும்விடும். போனபிறகு என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்காது. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. "எனக்கு மனசில ஒண்ணும் கிடையாதுப்பா, வாய்தான்" என்பேன்.

அந்தக் கடை இப்போது இல்லை. குத்தகை முடிந்தது, வாடகை ஏறியது, எங்களுக்கும் வயதாகிவிட்டது. அந்த இடத்தில் புருவம் திருத்தும் கடை வந்திருக்கிறது. ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். என் தோசைக்கல் இருந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஐயோ, மனசு கேட்கவில்லை. உள்ளே போய், "இங்கதாம்மா நான் பதினோரு வருஷம் தோசை ஊத்தினேன்" என்று சொல்லலாமா என்று தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை.

எனக்கு ரொம்ப ஏக்கமாக இருப்பது மத்தியானம் மூன்றரை மணியை நினைத்துத்தான். மதியக் கூட்டம் வடிந்து, மாலைக் கூட்டம் வருவதற்கு முன்னால் நாங்கள் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுகிற நேரம். அடுப்படித் தரையைக் கழுவிவிட்டு, பின்பக்க மேசையில் தட்டுகளை வைத்து, மீந்த கூட்டு, பொரியல், அடியில் தங்கிய கெட்டிக் குழம்பு, இன்னும் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் கொட்டிக்கொண்டு உட்காருவோம். வாடிக்கையாளருக்குப் போடுகிற அப்பளம் எங்களுக்கு நொறுங்கினதாகத்தான் வரும். அந்த நொறுங்கின அப்பளத்தின் ருசி இன்றைக்கு முழு அப்பளத்தில் எனக்குக் கிடைப்பதில்லை. முதலாளி, தொழிலாளி என்று பார்க்காமல் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். அதை வைத்துத்தான் நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று நான் நம்பினேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. அடுப்படிக்குள் காலெடுத்து வைத்தவர் யாரானாலும் சும்மா உட்காரக் கூடாது. என் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கருவேப்பிலை உருவுவாள். ஊரிலிருந்து வந்த என் நாத்தனார் சிங்கப்பூரைச் சுற்றிப் பார்க்க வந்துவிட்டு, மூன்று நாள் பூண்டு உரித்தாள். பார்சலுக்குக் காத்திருந்த ஒரு வங்கி அதிகாரி, கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க, ஒரு கிண்ணம் சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் முகம் சுளித்ததில்லை. கை வேலை செய்ய, வாய் கதை பேசும். அது வேலை என்றே எங்களுக்குத் தோன்றாது.

இனி மாஸ்டரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் சமையல் மாஸ்டர் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். உப்பு சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார், கொதிக்கிற ஆவியில் முகத்தைக் காட்டியே சொல்லிவிடுவார். அவர் வந்த பிறகுதான் எங்கள் சாம்பாருக்கென்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் அறை எடுத்துக் கொடுத்திருந்தோம். படி இறங்கி நாலு எட்டு வைத்தால் கடை. ஆறு வருஷமாக அவருக்குச் சிங்கப்பூர் என்பது அந்த மாடிக்கும் எங்கள் அடுப்புக்கும் நடுவில் இருந்த தூரம்தான்.

அவருடைய ஆஃப் நாள் செவ்வாய்க்கிழமை. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்கவேண்டும், எந்த நாள் என்று மாதம் பிறப்பதற்கு முன்பே தெரியப்படுத்தவேண்டும் என்பது சட்டம். என் கணவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மாதாமாதம் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டுவார். மாஸ்டர் பேருக்கு நேரே நாலு செவ்வாய்க்கும் பச்சை மையில் 'ஆஃப்' என்று இருக்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்து மாஸ்டர் ஒரு செவ்வாய்கூட ஆஃப் எடுத்ததில்லை.

எப்படி என்றால், காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட வருவார். சாப்பாடு கடையில்தானே? சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவுவார். அடுப்படிக்குள் வந்துவிட்டாரே, சும்மா இருக்கலாமா? கீரை ஆய்வார். ஒன்பது மணிக்குத் தேங்காய் துருவுவார். பதினொன்றுக்குப் பார்த்தால் தோசைக்கல் முன்னால் நிற்பார். சட்டைக்கு மேல் ஏப்ரன் எப்போது ஏறியது என்று யாருக்கும் தெரியாது. நானும் தடுத்ததில்லை. வாரந்தோறும் அவருக்கென்று நாலு இட்லியை எடுத்து வைத்துக் காத்திருந்தவளே நான்தானே. ஓய்வு நாளில் வேலை வாங்கினால் அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நானா கூப்பிட்டேன்? சாப்பிட வந்தவர், கை சும்மா இருக்காமல் செய்கிறார். வீட்டு ஆளுக்கு யாராவது கூலி கொடுப்பார்களா? இப்படித்தான் என் புத்தி போயிற்று.

அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். "எங்க மாஸ்டருக்கு ஆஃப் கொடுத்தாலும் போகமாட்டாரு, கடைமேல அவ்வளவு பாசம்" என்று கல்லாவில் காசு கொடுக்க வருகிறவரிடம் எல்லாம் சொல்வேன். அதைச் சொல்லிச் சொல்லியே பாத்திரம் கழுவுகிற அக்காவைக் குத்துவேன். அவர் இந்த ஊர்க்காரர், மார்சிலிங்கிலிருந்து ரயில் பிடித்து வருகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆஃப். எங்கள் கடையில் ஞாயிறுதான் திருவிழா மாதிரிக் கூட்டம் வரும். தீவில் எங்கெங்கேயோ வேலை செய்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அன்றைக்குத் தேக்காவுக்கு வருவார்கள். "ஒரு ஞாயிறாவது வந்து நில்லுங்களேன்க்கா, மாஸ்டரைப் பாருங்க" என்பேன்.

"எனக்கு சண்டே ஆஃப்லா. எழுதியிருக்குல்ல? நான் வரமாட்டேன்லா" என்பார், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வைப் போட்டு, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நான் முணுமுணுப்பேன். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

மாஸ்டருக்கு ஒரு தம்பி இருந்தான். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே தீவில்தான் இருந்தார்கள். ஆனால் தம்பிக்கு ஓய்வு ஞாயிறு, அண்ணனுக்கு மூச்சு விட நேரமில்லாத நாளும் ஞாயிறு. பாதி ஞாயிறுகளில் தம்பிக்கும் ஓவர்டைம் வந்துவிடும். அது இல்லாத ஞாயிறுகளில் தேக்காவுக்கு வந்து, சாப்பாடு எடுத்து வைக்கும் ஜன்னலுக்குப் பக்கத்து மேசையில் உட்காருவான். மாஸ்டர் தோசையைத் திருப்பிப் போடுகிற நேரத்தில் ஜன்னல் வழியாக ஒரு வார்த்தை, அடுத்த தோசைக்கு ஒரு வார்த்தை என்று பேசிக்கொள்வார்கள். நான் தம்பிக்கு இரண்டு வடை அதிகமாக வைக்கச் சொல்வேன். பில் போடவிடமாட்டேன். அதில் எனக்கு ஒரே திருப்தி.

மாஸ்டர் என்னிடம் வாய்திறந்து கேட்டது ஒரே ஒரு விஷயம். ஒரு ஞாயிறு, ஒரே ஒரு ஞாயிறு மட்டும் ஆஃப் வேண்டும், தம்பியோடு போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கப்பல் பட்டறையில வேலை பார்க்கிறவன் கடலைப் பார்த்ததில்லையா?" என்றேன்.

"அவன் கப்பலுக்கு அடியில நின்னுதாம்மா பார்த்திருக்கான். சும்மா மணல்ல உட்கார்ந்து பார்க்கணுமாம்" என்றார். எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாசிர் ரிஸ் கடற்கரை இருக்கிறது, நல்ல மரநிழல், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள் என்று நானே வழியெல்லாம் சொன்னேன். எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும் என்றேன். பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன். அதற்குப் பிறகு ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். மறந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு சீனப் பெண் கடைக்குள் வந்தாள். சின்ன வயது, முதுகில் பை, கையில் டேப்லெட். தோசை கேட்பாள் என்று பார்த்தால், அட்டையைக் காட்டி, மனிதவள அமைச்சிலிருந்து வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த வாரம் தெரு முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நம்மிடம் எல்லாம் ஒழுங்காகத்தானே இருக்கிறது என்று எனக்கு ஒரு தைரியம். சம்பளச் சீட்டு காட்டினேன். ஒப்பந்தத் தாள் காட்டினேன். இங்கே வேலை செய்வதற்கான அனுமதி பாஸ் எடுக்கும்போது ஏஜண்ட் தயாரித்த ஆங்கிலத் தாள், மாஸ்டர் கையெழுத்தோடு ஃபைலில் பத்திரமாக இருந்தது. அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சுவரில் இருந்த அட்டவணையைப் பார்த்தாள். பச்சை 'ஆஃப்' மேல் விரலை வைத்தாள். அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. அந்த அங்கிளுக்கு இன்னிக்கு ரெஸ்ட் டே இல்லையா?" என்று கேட்டாள்.

மாஸ்டர் தோசைக்கல் முன்னால், கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

நான் சிரித்தபடி சொன்னேன், அவர் சாப்பிட வந்தவர், எங்கள் பழக்கம் அப்படி, யாரும் சும்மா இருக்கமாட்டோம் என்று. அவள் அதை எழுதிக்கொண்டாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பி, ஓய்வு நாளில் ஏன் வேலைக்கு வருகிறீர்கள் என்று கேட்டாள். மாஸ்டருக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும், பேச வராது. அவர் என்னைப் பார்த்தார். நானே கேள்வியைத் தமிழில் சொன்னேன். எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். கடைமேல் பாசம் என்று சொல்லப்போகிறார், அதை ஆங்கிலத்தில் எப்படி அழகாகச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். "வந்த புதுசுல ஒரு செவ்வாய்க்கிழமை வெளிய போயிட்டு வந்தேன்ல, அன்னிக்கு நீங்க சொன்னீங்கம்மா. லீவு வேணும்னா ஊருக்குப் போய் மொத்தமா எடுத்துக்கங்க, டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்னு. அதான் வந்துடறேன்" என்றார்.

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. கடையின் விதியைச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

எனக்கு அது நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன் என்பதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் வரவில்லை. அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றும் என்னுடையவை. 'மொத்தமா எடுத்துக்கங்க' என்பதை நான் எப்படி இழுத்துச் சொல்லியிருப்பேன் என்பதுகூட என் காதில் கேட்டது. ஏதோ ஒரு நாள் கை ஒடிந்த மாதிரித் தனியாகத் திண்டாடியிருப்பேன், மறுநாள் கத்தியிருப்பேன், பத்து நிமிஷத்தில் மறந்திருப்பேன். அவர் ஆறு வருஷம் மறக்காமல் வந்திருக்கிறார்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்கிறார்?" என்றாள்.

நான் சொன்னேன்: "ஹி சே, ஹி கம் டு ஈட். ஹியர் லைக் ஃபேமிலி."

சொல்லும்போதே மாஸ்டர் கண் என்மேல் இருந்தது எனக்குத் தெரியும். ஃபேமிலி என்ற சொல் புரியாத மனுஷனா அவர்? அந்தப் பெண் அவரிடமே நேராக, "அப்படியா அங்கிள்?" என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். ஒரு நொடி, அவ்வளவுதான். பிறகு அவளைப் பார்த்துத் தலையாட்டினார். "யெஸ், யெஸ். ஃபேமிலி" என்றார். கரண்டியை எடுத்துக்கொண்டு கல் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஃபேமிலியா இருந்தாலும் ரெஸ்ட் டே ரெஸ்ட் டேதான் ஆன்ட்டி" என்றாள் அவள். கடுமையாகச் சொல்லவில்லை, என் மகள் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். ஓய்வு நாள் என்றால் நாள் முழுவதும் அவருடையது, நீங்கள் கேட்டு வேலை செய்தால் அதற்குச் சம்பளம் உண்டு, அவராகச் செய்தார் என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்று விளக்கினாள். அடுத்த முறை வரும்போது தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னாள். டீ குடிக்கச் சொன்னேன், வேண்டாம் என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

நான் ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும் என்றால், எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. பயம். தமிழ் தெரிந்த ஆள் வந்து கேட்டால் மாஸ்டர் என்ன சொல்வார், இனிமேல் ஆள் எடுக்க விடுவார்களா, கடை என்ன ஆகும் என்றுதான் மனசு ஓடியது. வெட்கம் பின்னால் மெதுவாக வந்தது. வந்தபிறகு போகவில்லை. அழுதேன். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மார்சிலிங் அக்கா வெங்காயம் எடுக்க உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார். "நீங்க அப்ப அப்படித்தான் கத்தினீங்க. நானும் அங்கதான் நின்னேன்" என்றார்.

"ஏங்க்கா என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்னையும் கத்துவீங்க. எனக்கென்ன, நான் இந்த ஊரு ஆளு, அடுத்த கடைக்குப் போயிருவேன். அவரு எங்க போவாரு?" என்றார். வெங்காயக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் நான் மாஸ்டரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எப்போதும் போல இருந்தார், சாம்பாரும் எப்போதும் போலவே இருந்தது. என் கணவர் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய அட்டவணைகளை எல்லாம் எடுத்து வைத்து, ஆறு வருஷச் செவ்வாய்க்கிழமைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்தச் சம்பளத்தைப் பிறகு தவணை தவணையாகக் கொடுத்து முடித்தோம்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு உட்கார்ந்த எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, மாஸ்டரை மட்டும் இருக்கச் சொன்னேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாஸ்டர், இனிமே செவ்வாய்க்கிழமை கடைக்கு வராதீங்க" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"பாஸ் கேன்சல் பண்றீங்களாம்மா?"

"ஐயோ, யாரு சொன்னா? ஆஃப் எடுத்துக்கங்கன்னு சொல்றேன். உண்மையான ஆஃப். அறையில தூங்குங்க, ஊரைச் சுத்துங்க, என்ன வேணாலும் பண்ணுங்க. இங்க மட்டும் வராதீங்க. சாப்பாட்டை மாடிக்கே அனுப்பறேன்" என்றேன். எவ்வளவு அடக்கியும் குரல் உயர்ந்துவிட்டது. "அன்னிக்கு நான் சொன்னதை மறந்துடுங்க மாஸ்டர். தப்புதான். என்னை மன்னிச்சுக்கங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, மேசைமேல் இருந்த அப்பளத் துண்டுகளை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அப்படின்னா எழுதிக் கொடுங்கம்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மன்னிப்புக் கேட்டவளிடம் எழுதித் தரச் சொல்கிறாரே! "ஏன், என் வாய் வார்த்தை போதாதா?" என்றேன்.

"உங்க வாய் வார்த்தையிலதாம்மா ஆறு வருஷம் ஓடிருச்சு" என்றார். "அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட உங்களுக்காகத் தலையாட்டினேன்ல? எனக்காக இதை மட்டும் எழுதிக் கொடுங்க. தமிழ்ல எழுதுங்க. அந்த இங்கிலீஷ் தாள் உங்க ஃபைல்லயே இருக்கட்டும். இது என்கிட்ட இருக்கணும்."

கல்லாவிலிருந்து என் கணவர் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். எழுத உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுதின மாதிரி நல்ல தமிழில், வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு என்றும், அந்த நாளில் வேலைக்குக் கூப்பிடமாட்டேன் என்றும், ஓய்வு எடுத்ததற்காக வேலையை விட்டு அனுப்பமாட்டேன் என்றும் எழுதினேன். எழுத எழுத மனசு இளகிக்கொண்டே வந்தது. இத்தனை வருஷம் தராததை ஒரேயடியாகத் தந்துவிடவேண்டும் என்று ஒரு வேகம். கூட்டமாவது, வியாபாரமாவது, வருகிறது வரட்டும் என்று, ஓய்வு நாள் என்ற இடத்தில் 'ஞாயிற்றுக்கிழமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஞாயித்துக்கிழமையே எடுத்துக்கங்க மாஸ்டர். கடையை நான் பார்த்துக்கறேன். வர்ற ஞாயிறே தம்பியைக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போயிட்டு வாங்க. கட்டுச்சோறு நானே கட்டித் தர்றேன்" என்றேன். எனக்கே கண் கலங்கியது, என் பெருந்தன்மையைப் பார்த்து.

மாஸ்டர் தாளை எடுத்து, வரி வரியாக, உதடு அசைய வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

"தம்பி ஊருக்குப் போயிட்டான்ம்மா" என்றார். "ரெண்டு மாசம் ஆச்சு. அவன் கம்பெனியில வேலை முடிஞ்சுபோச்சு, பாஸ் நீட்டிக்கலை."

"என்னது? போயிட்டானா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"கடைசி ஞாயிறு சொல்லிட்டுப் போக வந்தான்ம்மா. ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னான். அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. ஜன்னலை மறைச்சுக்கிட்டு நிக்காதப்பா, தள்ளி நில்லுன்னு நீங்கதான் சொன்னீங்க."

நான் சொல்லியிருப்பேன். அந்த ஜன்னலில் யார் நின்றாலும் அதைத்தான் சொல்வேன். இரண்டு மாதமாக அந்தப் பையன் வரவில்லை என்பதுகூட என் கண்ணில் படவில்லை.

மாஸ்டர் தாளை மேசைமேல் வைத்து, என் பக்கமாகத் திருப்பினார். 'ஞாயிற்றுக்கிழமை' என்ற இடத்தில் விரலை வைத்தார். "இனிமே எனக்கு எந்தக் கிழமையா இருந்தாலும் ஒண்ணுதாம்மா. ஞாயிறு உங்களுக்குக் கஷ்டம். செவ்வாய்னே மாத்திடுங்க."

பேனாவை எடுத்து ஞாயிற்றுக்கிழமையை அடித்தேன். மேலே செவ்வாய்க்கிழமை என்று எழுதினேன். அவர் இன்னும் விரலை எடுக்கவில்லை.

"அடிச்சு எழுதின இடத்துல ஒரு சின்னக் கையெழுத்து போடுங்கம்மா" என்றார். போட்டுக் கொடுத்தேன்.